பதினேழாம் எண்ணின் ஒன்பது குறைகள்

இதனால் தென்ஜொகூர் வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கும், அவர்களுடைய உற்றார் உறவினருக்கும், விளையாட்டுத் துறையின் எதிர்காலம் குறித்து உறக்கமின்றித் தவிக்கும் ஏனைய மலேசியர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: தென்ஜொகூர்த் தமிழர் கொடிப்பந்தாட்டப் பேரவையின் ஆட்டக்காரர் தகுதி மதிப்பீட்டு உயர்மட்டக் குழு, சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு, கெலாங் பாத்தாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் குளிர்சாதன அறையில் ஏகமனதாக அமைக்கப்பட்டது. குழுவின் தலைவர் திரு. ஜெயபாலன். குழுவின் செயலாளரும் அவரே. உறுப்பினர்கள் பின்னர் நியமிக்கப்படுவார்கள்.

ஏகமனதாக என்பதில் பொய் எதுவும் இல்லை. அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர் பேரவைத் தலைவர் வைத்தியலிங்கம். நில அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவர். தீர்மானம் முன்மொழியப்பட்ட நேரத்தில் அவர் வாயில் ஆட்டிறைச்சி இருந்தது. ஆட்சேபணை இருந்திருந்தாலும் வெளியே வந்திருக்காது.

பேரவையில் பொறுப்பாளர்கள் பதினொரு பேர். ஆட்டக்காரர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும் கெலாங் பாத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் கல்லூரியின் மாணவர்கள். அவர்களில் ஏழு பேர் தமிழர்கள் என்று தெரிந்ததும் பேரவை அந்தக் குழுவைத் தத்தெடுத்துக்கொண்டது. ஜெயபாலனை அதற்கு நிர்வாகியாகவும் போட்டது. தத்தெடுத்ததற்கு அடையாளமாக ஒரு பதாகையும் இரண்டு பெட்டி மினரல் தண்ணீரும் கொடுத்தது. பதாகையில் பதினொரு பொறுப்பாளர்களின் படங்களும் இருந்தன. ஆட்டக்காரர்களுக்கு இடம் போதவில்லை.

ஆட்டம் ஒன்றும் சிக்கலானதில்லை. பக்கத்துக்கு ஐந்து பேர். பந்து உருண்டையாக இருக்காது, இரண்டு முனையும் கூர்ந்த பப்பாளிக்காய் மாதிரி இருக்கும். ஒருவன் எறிவான், மற்றவர்கள் ஓடுவார்கள், ஓடுகிறவனில் ஒருவன் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்ட வேண்டும். யாரும் யாரையும் இடித்துத் தள்ளக் கூடாது. ஒவ்வொருவன் இடுப்பிலும் இரண்டு நாடா தொங்கும். எதிரி அதை உருவிவிட்டால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். அவ்வளவுதான்.

எறிகிறவன் ஜெயபாலனின் மகன் ரூபேந்திரன். பிடிக்கிறவன் சாஆ என்ற சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் யுகேந்திரன். சட்டை எண் பதினேழு. அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறவர். ஜெயபாலனின் வாழ்க்கையில் கடந்த எட்டு மாதங்களாக இருந்துவரும் நெஞ்செரிச்சலுக்கு இவன்தான் காரணம். மருத்துவர் மிளகாயைக் குறைக்கச் சொல்லியிருந்தார்.

அன்றைக்குக் கூட்டம் போட்டதற்குக் காரணம் ஒரு மின்னஞ்சல். சிங்கப்பூரில் ஓர் உயர்கல்வி நிலையத்தின் குழுவுக்குப் பயிற்சியாளராக இருக்கும் லிம் என்ற அம்மையார் அனுப்பியிருந்தார். அடுத்த ஆண்டு குழுவில் வெளிநாட்டு மாணவருக்கு ஒரே ஓர் இடம் உண்டு. உங்கள் பதினேழாம் எண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டோம். அவருடைய பலம், பலவீனம் இரண்டையும் நேர்மையாக எழுதி அனுப்புங்கள். வேறு யாரும் முயல விரும்பினால், இணையத்தில் உள்ள படிவத்தை அவர்களே நிரப்பி அனுப்பலாம். கடைசித் தேதி மாத முடிவு.

வைத்தியலிங்கம் அதைக் கைபேசியில் இரண்டு முறை படித்தார்.

"நல்ல விஷயம்தானே. பொடியனுக்கு அருமையா ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டாப் போச்சு."

"அப்படி அவசரப்படக் கூடாதுங்க சார்," என்றார் ஜெயபாலன். "நேர்மையாகன்னு எழுதியிருக்காங்க பாருங்க. நாளைக்கு அங்க போயி சொதப்பிட்டான்னா, யாரு பேரு கெடும்? நம்ம பேரவை பேரு."

"ஓம், அதுவும் சரிதான்."

"மூணு மேட்ச் இருக்கு. நான் போயி உக்காந்து, முழுசா கவனிச்சு, ரிப்போர்ட் எழுதறேன்."

"உங்கட மகனும் ஃபார்ம் போடுறாரா?"

ஜெயபாலன் ரசத்தைக் கவனமாகக் குடித்தார். "அது பாட்டுக்கு அது. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல."

இந்தக் கதையில் அவர் சொன்ன முதல் பொய் அது. நிறைய இருப்பதால், போகப் போக எண்ணிக்கை வைத்துக்கொள்ள முடியாது.

யுகேந்திரனை அவர் வெறுத்தார் என்று சொல்வது சரியாக இருக்காது. வெறுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். அவன் கைகளைப் பார்க்கும்போதுதான் அவருக்கு வயிறு எரிந்தது. விரல்கள் நீளம். பந்து வந்து விழுந்தால் சத்தம் கேட்காது. மற்ற பையன்கள் பிடிக்கும்போது பட்டென்று அறை விழுந்த மாதிரி இருக்கும். இவனிடம் பந்து தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தீபாவளிக்கு மகன் நண்பர்களை வீட்டுக்குக் கூட்டி வந்தான். ஜெயபாலனின் மனைவி ஷாமளா மேல் தட்டிலிருந்து முறுக்கு டின்னை இறக்கும்போது மூடி கழன்று விழுந்தது. சோபாவில் உட்கார்ந்து மகனிடம் பேசிக்கொண்டிருந்த யுகேந்திரன், பேச்சை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி அதைப் பிடித்து மேசையில் வைத்தான். ஷாமளா சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவனுக்கு இரண்டு கோழிக்கால் விழுந்தது. ஜெயபாலனுக்குக் கழுத்துத் துண்டு.

"பையன் கை எப்படி இருக்கு பாருங்க," என்றாள் ஷாமளா.

"கை மட்டும் இருந்தாப் போதுமா?" என்றார் ஜெயபாலன்.

அவருக்கும் கை இருந்தது. 1992-இல் ஜொகூர் மாநிலப் பள்ளிகள் காற்பந்துக் குழுவில் அவர் கோல்காப்பாளர். இன்னும் சரியாகச் சொன்னால், இரண்டாவது கோல்காப்பாளர். அதைவிடச் சரியாகச் சொன்னால், பதினொரு ஆட்டங்களில் கையுறை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். முதல் கோல்காப்பாளனுக்கு அந்த வருடம் முழுக்கக் காய்ச்சல்கூட வரவில்லை. அந்தக் கையுறை இன்றும் அலமாரியில் புத்தம் புதிதாக இருக்கிறது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது "ஸ்டேட் கீப்பர்" என்று சொன்னதோடு சரி. ஷாமளாவுக்கு இருபத்து நான்கு வருடமாக அந்தப் பட்டத்தின் உள்விவரம் தெரியும். வெளியே சொன்னதில்லை.

ஆக, ஒரே ஓர் இடம். அந்த இடம் ரூபேந்திரனுக்குத்தான் வர வேண்டும். மகன் எறிகிறான், அதனால்தான் அவன் பிடிக்கிறான். எறிகிறவன் இல்லாவிட்டால் அவன் வெறும் கையோடு ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் கல்லூரித் திடலில் எழும் கூச்சல் எல்லாம் "பதினேழு, பதினேழு" என்றுதான் இருந்தது. எறிந்தவன் பெயரை அறிவிப்பாளர்கூடச் சொல்வதில்லை.

"ஃபார்ம் போட்டாச்சா?" என்று அன்று மாலை மகனிடம் கேட்டார்.

"ம்ம்," என்றான் ரூபேந்திரன், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சப்போர்ட் லெட்டர் நான் ஏற்பாடு பண்றேன்."

"எதுக்குப்பா அதெல்லாம்?"

"நீ சும்மா இரு லா. உனக்குத் தெரியாது."

ஷாமளா காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் ஒரு கணம் நிறுத்தி மகனைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் நறுக்கினாள்.

ஆதரவுக் கடிதம் வியாழக்கிழமையே தயாராகிவிட்டது. அது வைத்தியலிங்கத்தின் கணினியில் 1998-லிருந்து இருக்கிறது. ஒழுக்கம், பணிவு, கடும் உழைப்பு, தலைமைத்துவப் பண்பு, பெரியோரிடம் மரியாதை என்று இரண்டு பத்தி. யார் கேட்டாலும் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார். போலிடெக்னிக் இடம், உபகாரச் சம்பளம், போலீஸ் வேலை, வீட்டு மனு, எல்லாவற்றுக்கும் அதே ஒழுக்கம், அதே பணிவுதான். இந்த ஊரில் அந்தக் கடிதம் இல்லாமல் எந்த மனுவும் போகாது. அந்தக் கடிதத்தை எந்த அதிகாரியும் படித்ததாகத் தகவலும் இல்லை. ரூபேந்திரனுக்குக் கொடுத்த பிரதியின் கடைசி வரியில், இவர் வலைப்பந்தாட்டத்தில் மாவட்ட மகளிர் பிரிவுக்குப் பெருமை சேர்த்தவர் என்று இருந்தது. போன முறை யாருக்கோ கொடுத்தது. ஜெயபாலனும் கவனிக்கவில்லை. அவரும் அதைப் படிக்காமலே சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டார்.

யுகேந்திரனுக்கு அந்த இரண்டு பத்தியைக் கொடுத்தால் காரியம் கெட்டுவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். புகழ்ந்து எழுதினால் எடுத்துக்கொள்வார்கள். வெறுமனே இகழ்ந்தால் பொறாமை என்று நினைப்பார்கள். எனவே குறைகளை ஆதாரத்தோடு எழுத வேண்டும். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஏனென்றால் அதுதான் அவருடைய தொழில்.

துறைமுகத்தில் கொள்கலன்கள் வந்து இறங்கும்போது சேதம் பார்த்து எழுதும் பிரிவுக்கு அவர் மேற்பார்வையாளர். பத்தொன்பது வருடமாக ஒரே படிவம். இடப்பக்கச் சுவர், நடுவில், நான்கு அங்குல நசுங்கல். கதவுக் கீல், துரு. கூரை, ஊசித்துளை இரண்டு. அந்தப் படிவத்தில் நல்லதாக இருப்பதை எழுத இடம் கிடையாது. யார் இடித்தார்கள் என்று எழுதவும் இடம் கிடையாது. எங்கே, எவ்வளவு, எத்தனை. அவர் எழுதிய படிவத்தை எந்தக் கப்பல் நிறுவனமும் இதுவரை மறுத்ததில்லை. அவருக்கே அதில் ஒரு கர்வம் உண்டு. அது மட்டும் நியாயமான கர்வம்.

முதல் ஆட்டம் சனிக்கிழமை மாலை. ஜெயபாலன் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றை மடியில் விரித்துக்கொண்டு, தண்ணீர்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எவ்வளவு உயரத்தில் வந்தது, எந்தக் கால் முன்னால் இருந்தது, பிடித்தானா விட்டானா. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வரி. ஏழாவது பந்தில் யுகேந்திரன் நழுவவிட்டான். இடது தோளுக்கு மேலாக வந்தது. ஜெயபாலனுக்கு அந்த மாலை திடீரென்று குளிர்ந்தது. பேனா தானாக ஓடியது. எட்டு மாதத்தில் அவருக்கு இத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை.

இடைவேளையில் அவன் தண்ணீர் எடுக்க வந்தான்.

"அங்கிள், என்ன எழுதிக்கிட்டே இருக்கீங்க? என்னப் பத்தியா?"

"பொதுவா. டீமப் பத்தி."

"எங்கிட்ட ஏதாச்சும் தப்பு இருந்தாச் சொல்லுங்க அங்கிள். இங்க ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. சூப்பர் லா, சூப்பர் லான்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. எங்கப்பாவுக்கு இந்த கேம் புரியாது. அவரு வந்தா என் இடுப்புல தொங்குற நாடாவையே பாத்துக்கிட்டிருப்பாரு."

"சொல்றேன், சொல்றேன்," என்றார் ஜெயபாலன்.

"கண்டிப்பா சொல்லணும்."

அவன் பாட்டிலை மேலே தூக்கிப் போட்டு, பின்பக்கமாகக் கையை வைத்துப் பிடித்துக்கொண்டே போனான். ஜெயபாலன் நோட்டில் எழுதினார்: விளையாட்டுத்தனம்.

இரண்டாவது ஆட்டம் கூலாயில். அதற்கு விடுமுறை எடுத்துக்கொண்டு போனார். ஆட்டக் காணொளிகளைக் கைபேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் பார்ப்பார். சாப்பிடும்போது சாம்பார்ப் பாத்திரத்தின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துப் பார்ப்பார். பெற்ற மகனின் ஆட்டத்தை அவர் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பதினேழு ஓடும் பக்கம்தான் அவர் கண்ணும் ஓடியது. எறிகிறவன் திரையின் ஓரத்தில் எங்கோ இருந்தான். பந்து வெறுமனே எங்கிருந்தோ வந்தது.

"இவ்வளவு பாசமா அந்தப் பையன் மேல?" என்றாள் ஷாமளா.

"டியூட்டி."

"நம்ம கல்யாண வீடியோவ ஒரு தடவகூட நீங்க முழுசாப் பாத்ததில்ல."

மூன்றாவது ஆட்டத்தில்தான் அது நடந்தது. கடைசி நிமிடம். ரூபேந்திரன் எறிந்த பந்து, ஓடுகிறவனுக்கு இரண்டு அடி பின்னால், தலைக்கு மேல் போனது. திடலில் இருந்த எல்லோரும் அது வீண் என்று விட்டுவிட்டார்கள். யுகேந்திரன் ஓடிக்கொண்டே உடம்பைத் திருப்பினான். ஒரு காலில் எம்பி, ஒற்றைக் கையை நீட்டினான். பந்து விரல் நுனிகளில் ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு உள்ளங்கைக்குள் இறங்கிவிட்டது. அவன் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தான்.

ஜெயபாலன் எழுந்து நின்றிருந்தார். நோட்டுப் புத்தகம் புல்லில் கிடந்தது. முழங்காலை லேசாக மடக்கி, இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் விரித்து நின்றார். முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் கைகளுக்கு யாரும் பந்து அனுப்பவில்லை. இப்போதும் அனுப்பவில்லை. சுற்றிலும் கைதட்டல் கேட்டபோதுதான் தான் எப்படி நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. கைகளைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நோட்டை எடுத்து, புல்லைத் தட்டிவிட்டு எழுதினார்: பந்து 61. பின்னால், மேலே. ஒற்றைக் கை. பிடித்தார். ஒற்றைக் கையால் பிடிப்பது பாதுகாப்பற்ற பழக்கம்.

அறிக்கையை ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதினார். ஷாமளாவைத் தேநீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பலம் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரி: நல்ல உடல்நலம். நேரத்துக்கு வருகிறார். அதற்கு மேல் எதையும் தாராளமாகக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

பலவீனம் என்ற தலைப்பு மூன்று பக்கம் போனது. துறைமுகப் படிவத்தின் நடையிலேயே வரிசை எண் போட்டு எழுதினார். ஒன்று: இடது தோளுக்கு மேல் வரும் பந்து, எட்டில் நான்கு நழுவல். இரண்டு: வலது காலில் திரும்பும்போது அரை அடி தாமதம், மூன்று ஆட்டங்களில் ஐந்து முறை. மூன்று: நாடாவைக் காப்பாற்றிக்கொள்ள இடுப்பை வளைப்பதில்லை, ஓடியே தப்பிக்கப் பார்க்கிறார். நான்கு: நழுவவிட்டால் சிரிக்கிறார். ஐந்து: காலணி பழையது, இடது அடிப்பாகத்தில் இரண்டு அங்குலப் பிளவு. ஆறு: ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு வராமல் சாஆவுக்கு, வீட்டுக்குப் போய்விடுகிறார்.

ஏழாவது குறையை எழுதும்போது அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இது யாருக்கும் தோன்றியிருக்காது. மகனின் நியாயம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்று நினைத்தார்.

ஏழு: தனக்கு வந்த 61 பந்துகளில் 26 திசை தவறி வந்தவை (பின்னால் 14, தாழ்வாக 7, மிக உயரமாக 5). அவற்றில் 20-ஐ இவர் பிடித்துவிட்டார். இவ்வாறு பிடித்துவிடுவதால், பந்து தவறி வந்தது என்பதே எவருக்கும் தெரியாமல் போகிறது. எறிபவர் தம்மைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை இழக்கிறார். இது குழு உணர்வுக்கு எதிரானது.

எட்டும் ஒன்பதும் ஒற்றைக் கைப் பழக்கம், விளையாட்டுத்தனம். கீழே கையெழுத்துப் போட்டு, பேரவையின் முத்திரையைக் குத்தினார். தலைவர் என்று ஒரு தடவை, செயலாளர் என்று ஒரு தடவை. மொழிபெயர்த்துக் கொடுக்கும்படி பக்கத்து வீட்டு ஆங்கில ஆசிரியையிடம் கேட்டார். ஒரு வரியையும் விடாமல் மொழிபெயர்த்துக் கொடுத்த அந்த அம்மாள், "யாருங்க இந்தப் பையன்? ரொம்ப நல்லா வெளையாடுவான் போல," என்றாள். அவளுக்கு விளையாட்டு தெரியாது என்று ஜெயபாலன் விட்டுவிட்டார்.

மாத முடிவில் மறுபடியும் கேட்டார். "ஃபார்ம் போட்டாச்சுதானே?"

"ம்ம்," என்றான் ரூபேந்திரன்.

பதில் பத்து நாள் கழித்து வந்தது. வைத்தியலிங்கம் அதை அச்செடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, நின்றபடியே, தமிழாக்கிப் படித்தார்.

"கேளுங்கோ ஜெயபாலன். 'பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜொகூரிலிருந்து எங்களுக்கு ஆண்டுதோறும் நிறைய ஆதரவுக் கடிதங்கள் வருகின்றன. எல்லாவற்றிலும் ஒரே ஒழுக்கம், ஒரே பணிவு. இந்த ஆண்டு ஒன்றில் ஓர் இளைஞர் மகளிர் வலைப்பந்தாட்டத்தில் சிறந்தவர் என்று இருந்தது. நாங்கள் அவற்றைப் படிப்பதை நிறுத்திவிட்டோம். முதல் தடவையாக, ஓர் ஆட்டக்காரரை ஒருவர் உண்மையிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.' உங்களத்தான் சொல்றா."

ஜெயபாலன் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் இருக்கு. 'இடது தோள், வலது கால் திருப்பம், இவை ஆறு வாரத்தில் சரிசெய்யக் கூடியவை. புதிய காலணி நாங்கள் தருவோம். உங்கள் ஏழாம் குறிப்பைக் குழு முழுவதற்கும் வாசித்துக் காட்டினேன். தவறி வந்த இருபத்தாறில் இருபதைப் பிடிக்கிற ஒருவரைத்தான் நாங்கள் மூன்று ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். இடம் யுகேந்திரனுக்கு.'"

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"அந்த இருபத்தாறு," என்றார் வைத்தியலிங்கம், மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "எறிஞ்சது யார் ஜெயபாலன்? உங்கட மகன்தானே?"

அதுவரை அந்தக் கேள்வி ஜெயபாலனுக்குத் தோன்றவில்லை. யார் இடித்தது என்று எழுதப் படிவத்தில் இடம் இருந்ததே இல்லை.

வைத்தியலிங்கத்தின் கண்கள் கலங்கிவிட்டன. அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார். "பெத்த பிள்ளையின்ர பிழையையும் மறைக்காம எழுதியிருக்கிறீங்க. நில ஆபீசில நான் இப்படி ஒரு ஆளைக் கண்டதில்ல. இதை நாங்க சும்மா விடக் கூடாது."

அவர்கள் சும்மா விடவில்லை. அடுத்த ஞாயிறு மாலை, அதே வாழையிலைக் கடையின் மாடி மண்டபத்தில் பாராட்டு விழா நடந்தது. பதாகையில் பதினொரு பொறுப்பாளர்களோடு நடுவில் ஜெயபாலன் பெரிதாக இருந்தார். 'திறமையைக் கண்டெடுத்த தியாகச் செம்மல்' என்று கீழே எழுதியிருந்தது. யுகேந்திரன் படம் வலது மூலையில், சமையல் எரிவாயு விளம்பரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஜெயபாலனுக்குச் சரிகை போட்ட பொன்னாடை. யுகேந்திரனுக்குத் துண்டு.

முதலில் யுகேந்திரனைப் பேசச் சொன்னார்கள். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது.

"கோச் எனக்கு அங்கிள் எழுதினத அனுப்பினாங்க. ஒம்போது குறை. இன்னொரு காப்பி ஹாஸ்டல் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன். இதுல ஆறு சரி பண்ணிட்டேன், மூணு பாக்கி. எங்கிட்ட இவ்வளவு நாள் யாரும் இப்படிப் பாத்து சொன்னதில்ல. எங்கப்பாகூட. நன்றி அங்கிள்."

பின்வரிசையில் யுகேந்திரனின் அப்பா எழுந்து நின்று இரு கைகளையும் கூப்பினார். கைகள் பெரியவை, விரல்கள் நீளமானவை. ஜெயபாலன் அதைக் கவனித்தார். பரம்பரை. அங்கேயும் தனக்கு ஒன்றும் இல்லை. பொன்னாடைக்குள் வயிறு எரிந்தது. ஆறு சரி பண்ணிவிட்டானாம். இன்னும் ஒன்பது எழுதியிருக்கலாம்.

அவருடைய முறை வந்தது. ஒலிவாங்கியைப் பிடித்ததும் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. எதிரே நூறு பேர். ஷாமளா இரண்டாவது வரிசையில். பக்கத்தில் ரூபேந்திரன் வடை தின்றுகொண்டிருந்தான்.

"பெரியோர்களே. சிங்கப்பூர்ல இருந்தது ஒரே ஒரு இடம். ஒரு பக்கம் நான் பெத்த மகன். இன்னொரு பக்கம் திறமை. எந்தத் தகப்பனுக்கும் இந்தச் சோதனை வரக் கூடாது." ஒரு கணம் நிறுத்தினார். "நான் என் மகனோட எதிர்காலத்த எடுத்து, ஜொகூர்த் தமிழர்களோட எதிர்காலத்துக்குக் குடுத்துட்டேன்."

கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. வைத்தியலிங்கம் கைக்குட்டையை எடுத்தார். ஒரு பெண்மணி பொறுப்பாளர் மேடைக்கே வந்து, இப்படிப்பட்ட மனிதர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று ஒலிவாங்கியில் கேட்டார். ஜெயபாலனுக்கு, பேசி முடிக்கும்போது, தான் சொன்னது முழுவதும் உண்மை என்றே தோன்றிவிட்டது. முப்பத்து மூன்று வருடங்களில் முதல் தடவையாகத் தன் கைகளுக்குள் ஏதோ வந்து விழுந்த மாதிரி இருந்தது.

கீழே இறங்கி வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அப்பா மேல வருத்தம் இல்லையேப்பா?"

"எதுக்கு?"

"உன் இடம் போச்சுல்ல."

ரூபேந்திரன் அம்மாவைப் பார்த்தான். ஷாமளா, சொல்லிவிடு என்பது போலத் தலையை அசைத்தாள்.

ரூபேந்திரன் விண்ணப்பமே போடவில்லை.